லாரியின் அடிச்சட்டமும் அதிகப் பாரமும்

நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றவும், கோடையில் கிராமங்களுக்குக் குடிநீர் வழங்கவும் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் லாரிகள் பயன்படுகின்றன. பழைய லாரியில் தண்ணீர்த் தொட்டியோ பாரந்தூக்கியோ பொருத்த எண்ணும் பஞ்சாயத்துகளும் விவசாயிகளும் அதன் அடிச்சட்டத்தைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

'ப' என்னும் எழுத்தை ஒருக்களித்து வைத்தாற் போன்ற வடிவுடைய இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களே பாரம் முழுவதையும் தாங்குகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் பாரம் அழுத்தும்பொழுது, சட்டத்தின் மேல்விளிம்பு நெருக்குண்ணும், கீழ்விளிம்பு இழுபடும். நடுச்சுவரின் மையத்தில் இவ்விசை மிகக் குறைவு. ஆகவே விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் விரிசலுக்கு வழிகோலும். வலுவூட்டும் தகட்டை நடுச்சுவரில் வைத்து, இறுக்கமான போல்ட்டுகளால் பிணைத்தல் வேண்டும். தகட்டின் முனை நேராக வெட்டுண்டு நின்றால் அவ்விடத்திலேயே சட்டம் முறியக்கூடும். முனையைச் சரிவாகச் சீவிவிடுதல் நன்று. தொட்டியை நேரே சட்டத்தின்மேல் அமர்த்தாமல், இடையே ஒரு துணைச்சட்டம் அமைத்தால் பாரம் ஓரிடத்தில் குவியாது, நீளவாக்கில் பரவும்.

எனினும், அடிச்சட்டத்தை வலுப்படுத்துவதால் அச்சு, வில்பட்டை, டயர், பிரேக் ஆகியவற்றின் வலு கூடுவதில்லை. அனுமதிக்கப்பட்ட எடையும் உயர்வதில்லை. பதிவுச் சான்றில் மொத்த எடை 16.2 டன் என்றும், வண்டியின் எடை 6 டன் என்றும் கொள்வோம். எஞ்சுவது 10.2 டன். 9,000 லிட்டர் நீரின் எடை 9 டன். தொட்டியும் துணைச்சட்டமும் 1.5 டன். இப்பொழுதே 300 கிலோ மிகுதி. வலுவூட்டும் தகடுகள் 200 கிலோ என்றால் மிகுதி 500 கிலோ ஆகிறது! தொட்டியின் அளவைக் குறைப்பதே இதற்குப் பரிகாரம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவு, அதிகப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம், பிரேக் பிடிக்காத லாரியின் எதிரே வந்த உயிரை மீட்க இயலாது.

ஆகவே, பட்டறைக்கு வேலை கொடுக்கத் தீர்மானம் இயற்றுமுன், பதிவுச் சான்றில் கண்ட எடை, பொருத்தும் கருவியின் எடை, ஏற்றும் பாரத்தின் எடை ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்த பின்னரே வேலையைத் தொடங்குவீர்களாக.