பெயரும் வேரும்: மின்னணு நடன இசை

நுழையும்முன்

ஒரு கலைக்குப் பெயரிடுவது அதனை அடையாளம் காட்டுவது மட்டுமன்று. அதன் வரலாற்றில் யாரை நினைப்பது, யாரை மறப்பது என்பதையும் அப்பெயர் தீர்மானிக்கக்கூடும். மின்னணு நடன இசை என்னும் சொல்லின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

சொல்லும் பொருளும்

மின்னணுக் கருவிகளால் உருவாக்கப்பட்டு, ஆடுவதற்கென்றே ஒலிக்கப்படும் இசை மின்னணு நடன இசை எனப்படும். சிந்தசைசரும் தாள இயந்திரமும் இதன் அடிப்படைக் கருவிகள். இது தனியொரு வகையன்று. ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் முதலிய பல வகைகளைத் தழுவிய பொதுப்பெயர்.

வேர்கள்

டிஸ்கோ இசையே இதன் தாய்மடி. 1977இல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாடலின் பின்னணி இசை, பெரும்பாலும் சிந்தசைசர் ஒலிகளாலேயே அமைந்தது. அதே ஆண்டில் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கு இசைத்தட்டுகளை இடைவெளியின்றி இணைத்து ஒலிக்கச் செய்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். கூடியவர்களுள் பெரும்பாலோர் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட கறுப்பின, இலத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். அக்கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்னும் சொல் பிறந்தது என்பர்.

1979இல் அதே நகரின் விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தட்டுகள் சிதறின, தாளம் சிதறவில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்.-808 தாள இயந்திரம் எதிர்பார்த்தபடி விற்பனையாகவில்லை. பின்னர் அது பழைய பொருளாக மலிவாகக் கிடைத்தபோது, வசதியற்ற இளைஞர்களும் தம் வீட்டிலேயே இசை படைத்தனர். டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய பள்ளித்தோழர் மூவர் டெக்னோவை வளர்த்தனர். 1988இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பு அப்பெயரைப் பரப்பியது.

இந்தியாவிலும் இக்கருவிகள் ஒலித்தன. 1982இல் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து வெளியிட்டார்.

பெயரின் நிழல்

2010ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க இசை வணிகம் 'இ.டி.எம்.' என்னும் சுருக்கப்பெயரைப் பெரிதும் கையாண்டது. பல வகைகளும் ஒரே குடைக்கீழ் வந்தன. புதியவர்களுக்கு அறிமுகம் எளிதாயிற்று. ஆயினும், பெருவிழா மேடைகளின் ஒளியில் சிகாகோவின் சிறு கூடமும் டெட்ராய்ட்டின் இளைஞர்களும் பலர் கண்ணுக்குத் தெரியாமற்போயினர். ஆகவே, ஒரு பெயரை அறியும்போது அதற்குமுன் இருந்த பெயர்களையும் அறிதல் வேண்டும். அதுவே கலைக்கு நாம் செய்யும் நன்றி.

கற்பவை கற்றபின்

பொதுப்பெயர் ஒன்றால் தனி அடையாளம் மறைந்த கலை ஏதேனும் உண்டா? வகுப்பில் கலந்துரையாடுக.