உருகாத உலோகம் எங்கே இருக்கிறது?

நம்பிக்கை: ராக்கெட் எஞ்சினின் எரிகலம் எந்தத் தீயிலும் உருகாத உலோகத்தால் ஆனது.

உண்மை: இந்தியாவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேல்நிலையில் இயங்கும் சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சினுக்குள் வெப்பம் சுமார் 3,000 டிகிரி செல்சியஸ். அதை நேருக்கு நேர் சந்திக்கும் உட்சுவரோ செம்புக் கலவை. செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும் குணமே அதைக் காக்கிறது. உட்சுவரின் வெளிப்புறத்தில் மெல்லிய வாய்க்கால்களைக் கடைந்தெடுத்து, மேலே எஃகு உறையைப் பொருத்திப் பற்றவைக்கிறார்கள். மைனஸ் 253 டிகிரிக் குளிரில் சேமிக்கப்பட்ட ஹைட்ரஜன் அந்த வாய்க்கால்களில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்ட பிறகே எரியப் போகிறது. தண்ணீர் உள்ளவரை அடுப்பிலுள்ள பாத்திரம் கருகாததும் இதே கணக்குதான். ஒரு வாய்க்கால் அடைபட்டாலோ பற்றவைப்பில் இடைவெளி விழுந்தாலோ அந்த இடத்தில் சுவர் உருகி ஓட்டையாகும். உருகுநிலைப் பட்டியலைவிடப் பட்டறையின் கைநேர்த்திக்கே இங்கே மதிப்பு அதிகம்.

நம்பிக்கை: உருகுநிலை எவ்வளவு உயர்வோ, உலோகம் அவ்வளவு சிறப்பு.

உண்மை: டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை தாங்கும். ஆனால் கனமானது, சாதாரண வெப்பநிலையில் வளைக்கப்போனால் உடையும். 2,477 டிகிரியில் உருகும் நியோபியத்தோடு ஹாஃப்னியமும் சிறிது டைட்டானியமும் சேர்த்த கலவையைத் தகடாக்கலாம், அச்சின் மேல் சுழற்றி, எரிந்த வாயு வெளியேறும் மணிவடிவ நாசிலாக்கலாம், வெல்டிங்கும் செய்யலாம். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலை நாசில்கள் நியோபியக் கலவையில் செய்யப்பட்டவை. சூடான காற்றில் ஆக்சிஜன் நியோபியத்தை அரித்துவிடும் என்பதால் இத்தகைய நாசில்களுக்குச் சிலிசைடு பூச்சு தேவை. இவற்றுக்கு மாற்றான கார்பன்-கார்பன் நாசில் 2024 ஏப்ரல் 2 அன்று மகேந்திரகிரியில் 200 விநாடிகள் சோதிக்கப்பட்டது. அதன் எடை சுமார் 67 சதவீதம் குறைவு.

நம்பிக்கை: இந்த வேலைகள் விண்வெளி மையங்களின் மதிலுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

உண்மை: பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் அத்தாணியில் உள்ள கேரள அரசின் எஸ்.ஐ.எஃப்.எல். ஆலை, விண்வெளித் திட்டங்களுக்கு டைட்டானிய உருப்படிகளை அடித்துத் தருகிறது. கொல்லம் அருகே சவறாவில் 2011 முதல் டைட்டானியத்தின் ஆரம்ப வடிவமான ஸ்பாஞ்சைத் தயாரிக்கும் ஆலை இருக்கிறது.

நம்பிக்கை: முப்பரிமாண அச்சு வந்ததால் பட்டறைக்கு இனி வேலையில்லை.

உண்மை: 2024 மே 9 அன்று 665 விநாடிகள் எரிந்த, பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலைக்கான பி.எஸ்.4 எஞ்சினில் 14 பாகங்கள் ஒரே துண்டாக அச்சிடப்பட்டன. 19 வெல்டிங் இணைப்புகள் தேவையற்றுப்போயின. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானது. ஆனால் அச்சில் வந்த உலோகத்தின் உள்ளழுத்தத்தைத் தணிக்கச் சூளையில் சூடேற்ற வேண்டும். பொருந்தும் முகப்புகளை மீண்டும் கடைய வேண்டும்.