மயில்துத்தமும் மலைத் தோட்டமும்

மயிலின் கழுத்து நிறமுடைமையால் மயில்துத்தம் எனவும், நாட்டு வைத்தியரிடத்துத் துருசு எனவும் வழங்கும் பொருளை இரசாயன நூலார் செப்புச் சல்பேற்று என்பர். அதன் நீலப் பளிங்கைச் சூடாக்க வெளுப்பதையும், ஒரு துளி நீர் பட்டதும் மீண்டும் நீலமாவதையும் நம் மாணவர் ஆய்கூடத்தில் கண்டிருப்பர். பளிங்கின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பங்கு நீர். 25 பங்கு செம்பு. பரீட்சைக்கு இது போதும். ஆயின், ஊவா மலைகளில் இச்செம்பு செய்துள்ள தொழிலை நாம் அறியாதிருத்தல் அழகன்று.

செம்பு பயிர்மருந்தான கதை பிரான்சு தேசத்தது. 1882இல் போர்தோப் பகுதித் திராட்சைத் தோட்டங்களிற் சென்ற மில்லார்தே என்னும் தாவரவியலறிஞர், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளிக்கப்பட்ட பாதையோரக் கொடிகள் பூஞ்சண நோய்க்குத் தப்பியிருத்தலைக் கண்டார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். தனித் துத்தக் கரைசல் இலையைக் கருக்கும். சுண்ணாம்பே அதன் கடுமையைத் தணிக்கின்றது. துலக்கிய கத்தியைக் கலவையில் வைத்தெடுக்கச் செம்பு படியுமாயின் சுண்ணாம்பு போதாதென அறியலாம். துத்தத்தை இரும்பு வாளியிற் கரைக்கலாகாதென்பதும் இதனாலேயே.

இலங்கைக் கோப்பிக்கு இம்மருந்து காலந்தாழ்ந்த மருந்தாயிற்று. இலைத்துரு நோய் இங்கே காணப்பட்டது 1869இல். 1880 முதல் 1882 வரை ஈண்டுத் தங்கி ஆராய்ந்த மாஷல் வாட், நோயின் இயல்பை விளக்கினார். மலைகளைக் காக்கும் மருந்து கைக்கு வரவில்லை. பதுளை, அப்புத்தளைக் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின.

தேயிலைக்குச் சோதனை 1946இல் வந்தது. அவ்வாண்டிற் காணப்பட்ட கொப்புள நோய் முற்றிய இலையை விடுத்து இளந்தளிரையே பற்றும். நாம் பறித்து விற்பதும் அத்தளிரே அன்றோ! கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் மலைக்கு இடர் மிகுதி. செம்புச் சேர்வைகளே காப்பாயின. துத்தமும் சுண்ணாம்பும் கலக்கும் தொல்லையின்றி, செப்பு ஒட்சைட்டு, செப்பு ஒட்சிக்குளோரைட்டு ஆகிய ஆயத்தத் தூள்கள் வழக்கில் வந்தன. தளிரின்மேற் படியும் மெல்லிய செம்புப் படலம் வித்திகளை முளைக்கவொட்டாது தடுக்கும். உட்புகுந்த நோயை அது நீக்காது. எனவே புதுத் தளிர் விரியுந்தோறும் தெளித்தல் வேண்டும்.

ஊவாவுக்கு இயற்கை தந்த சலுகை ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளிற் பெய்தொழிய, கச்சான் காற்று வறண்டே இங்கு வீசும். யூலை முதல் செப்தெம்பர் வரை வெயிலும் வறட்சியும் நோயை அடக்கும். ஊவாத் தேயிலை பேர்பெற்ற மணம் பெறுவதும் அக்காலத்தே. வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும் வந்தபின்னரே மருந்துக்கு வேலை மிகும்.

பிற தொழில்களிலும் துத்தத்துக்கு இடமுண்டு: முலாம் பூசவும், நாகத்தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கவும், மரத்தை உளுக்காது காக்கவும், நீர்த்தேக்கப் பாசியை அழிக்கவும் பயன்படும். எனினும் வியப்பு இம்மாகாணத்திலேயே உண்டு. பச்சைக் கொழுந்தைக் கருந்தேயிலையாக்கும் நொதியம் தன்னகத்தே செம்பை உடையது. மொனராகலைப் பக்கத்து இறப்பருக்கோ செம்பு பகை. சிறிதளவு கலப்பினும் இறப்பர் விரைவிற் பிசுபிசுத்துக் கெடும். ஆதலின் பாலைச் செப்புப் பாத்திரத்தில் வைப்பதில்லை.

மருந்தடிப்போரைக் குறித்து நம் பாடநூல்கள் பேசுவது குறைவு. அடைபட்ட தெளிமுனையை வாயால் ஊதுதல் அறவே ஆகாது. உட்சென்ற செம்பு வாந்தியை விளைக்கும். மிகின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கண்ணிற் பட்டால் உடனே நீரால் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். கையுறையும் கண்காப்பும் தோட்டம் தரவேண்டியவை; கேட்டுப் பெறுதல் தொழிலாளர் உரிமை. செம்பு மக்கி மறைவதுமன்று. மேல்மண்ணில் ஆண்டாண்டாகச் சேரும். ஓடையில் இறங்கின் மீனைக் கொல்லும். நம் ஓடைகள் பல பதுளு ஓயாவிற் கலந்து, துன்ஹிந்தையில் வீழ்ந்து, மகாவலியைச் சேர்வன. மருந்துத் தகரங்களைக் கழுவிய நீரை ஓடைக்கரையிலோ பீலிக்கு மேலுள்ள சரிவிலோ ஊற்றலாகாது. லயத்தார் குடத்தில் ஏந்துவது அந்தப் பீலித் தண்ணீரையே.