டைமிங் கவருக்குள் போன மணல்

எஞ்சின் பாகங்களை மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள். சாண்ட் பிளாஸ்டிங் என்று போர்டு வைத்திருப்பார்கள். காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிப் பத்து நிமிடத்தில் புதுசு போல ஆக்கிக் கொடுப்பார்கள். இரும்பு கேட்டுக்கும் வண்டியின் சேஸிஸுக்கும் அது சரி, எஞ்சினுக்கு ஆகாது. 1,800 ரூபாய் கொடுத்துச் செய்த அந்த வேலை, எனக்கு 19,000 ரூபாயும் எட்டு மாதமும் செலவு வைத்தது.

வண்டி என் அப்பாவுடையது. 1979 மாடல் புல்லட் 350. கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளி வாத்தியாராக இருந்தவர், திங்கள் விடியலில் கச்சிராயபாளையத்திலிருந்து கிளம்பி கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுவார். வெள்ளி மாலை இறங்குவார். அவர் காலமான பிறகு ஆறு வருடம் மாட்டுக்கொட்டகையிலேயே நின்றது. சிலிண்டர் போரின் இடுக்கெல்லாம் துரு. எஞ்சின் கேஸ் மேல் விரல் கனத்துக்கு ஆயிலும் செம்மண்ணும் கலந்த பிசுக்கு.

இறக்கிப் பிரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றக் கழற்றப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நட்டு போல்ட்டைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். பிசுக்குக்கு டீசலும் பழைய டூத் பிரஷும் போதும். கொல்லையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். காஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள். அது இரும்பை விட்டுவிடும், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நான் பாதி தேய்த்திருந்தபோதுதான் என் மச்சான் வந்தான். "என்ன மாமா, பல்லு விளக்குற பிரஷ்ல போயி எஞ்சினத் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க? சேலம் பக்கம் ஒரு பட்டறை இருக்கு, ஒரே நாள்ல பளிச்சுனு அடிச்சுக் குடுத்துருவாங்க" என்றான். கேட்டேன். போர், கிளட்ச் கவர், டைமிங் கவர் மூன்றையும் கொடுத்தேன். "துளைக்கெல்லாம் டேப் ஒட்டித்தான் சார் அடிச்சோம், தண்ணி ஊத்திக் கழுவியும் விட்டாச்சு" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் ஒருமுறை முக்கி, வாயால் ஊதி, மாட்டிவிட்டேன்.

புல்லட்டில் ஆயில் போகும் வழி தெரிந்தவர்களுக்கு நான் செய்த தப்பு இந்நேரம் புரிந்திருக்கும். ஆயில் பம்ப் டைமிங் கவரிலேயே இருக்கிறது. பம்ப் தள்ளும் ஆயில் அதே கவரில் உள்ள ஃபில்டருக்குப் போகும். அங்கிருந்து கவரின் உடம்புக்குள் போட்ட சின்னத் துளை வழியாக வந்து, ஒரு தக்கை சீலைக் கடந்து, கிரங்குக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டுக்குப் போய்ச் சேரும். அந்தத் துளை ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிறது. அதில் தங்கிய எதையும் ஃபில்டரால் பிடிக்க முடியாது. நாற்பது வருடப் பிசுக்கு துளைக்குள் பசை போலப் படிந்திருந்தது. பீய்ச்சிய மணல் அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீருக்கு அது அசையவில்லை, என் ஊதலுக்கும் அசையவில்லை. சூடான ஆயில் ஓடத் தொடங்கியதும் பசை கரைந்து மணல் கிளம்பிவிட்டது.

பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது, மெல்லிய மிதக்கும் புஷ்தான். அந்த மிருதுவான உலோகத்தில் மணல் பதிந்துகொண்டு, கிரங்க் பின்னை உப்புத்தாள் மாதிரி ராவிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் ஓட்டியபோது எதுவும் தெரியவில்லை. இரண்டாவது ஞாயிறு வெள்ளிமலைக்கு ஏறினேன். அணையைத் தாண்டி, செகண்ட் கியரில் வளைவு திரும்பும்போது கீழே இருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. அப்பா நாற்பது வருடம் ஓட்டிக் கேட்காத சத்தம். அங்கேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டர்க்காரரிடம் கெஞ்சி வண்டியை ஏற்றி வந்தேன்.

கனெக்டிங் ராடு, பின், புஷ், பம்ப், ரிங் எல்லாம் போச்சு. நல்லவேளை, இந்த வார்ப்பிரும்பு போர் எஞ்சினைக் கம்பெனி 2010 வாக்கில்தான் நிறுத்தியது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இன்னும் சாமான் கிடைக்கிறது. கிரங்கைச் சேர்த்து நேர் பார்க்கத் தெரிந்த லேத்துக்காரரைத் தேடித்தான் மாதங்கள் போயின.

இரண்டாம் முறை எல்லாம் திண்ணையில், என் கையால். டைமிங் கவரின் துளைகளுக்கு வெளியே அடைப்புத் திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, சைக்கிள் பிரேக் ஒயரின் நுனியைப் பிரித்து உள்ளே விட்டுத் தேய்த்து, பெட்ரோலை ஊசி சிரிஞ்சில் ஏற்றிப் பீய்ச்சுங்கள். வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். துணியில் கறை வருவது நிற்கும் வரைக்கும் பீய்ச்ச வேண்டும். எனக்குப் பதினோரு தடவை ஆயிற்று.

போரின் துருவுக்குப் புளிக்கரைசல் போட்டேன். மலைப்புளி நம் வீடுகளில் எப்போதும் இருக்கும். ஓர் இரவு ஊறினால் பித்தளை பிரஷுக்குத் துரு கழன்று வரும். ஆனால் கழுவிய இரும்பு கண்ணெதிரே மறுபடி துருப்பிடிக்கும். உடனே சித்திரை வெயிலில் காயவைத்து, உள்பக்கம் ஆயில் தடவி, அன்றைக்கே பெயிண்ட் அடித்துவிட வேண்டும். ஹீட் பெயிண்ட், மேட் கறுப்பு, மெல்லிசாக மூன்று கோட். கனமாக அடித்தால் சூடு வெளியேறாது, நம் மலை ஏற்றத்தில் அது ஆபத்து. மாட்டிய பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, பிறகு பத்து நிமிடம், பிறகு இருபது. பெயிண்ட் அந்தச் சூட்டில்தான் இறுகும்.

கவர்களுக்கு 400 முதல் 2000 வரை வாட்டர் பேப்பர், கடைசியில் மெட்டல் பாலிஷ். அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் "சில்வர் அடிச்சுருங்க சார்" என்பார்கள். நான் அடிக்கவில்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்த நாளிலிருந்து திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டுகளில், கேஸ் வார்த்த அலுமினியமாகவே இருக்கும்; கவர் மட்டும் பாலிஷ். சில்வர் அடித்த கேஸில் ஆயில் கசிவு எங்கே என்றுகூடத் தெரியாது. என் கேஸை வெறுமனே விட்டதைப் பார்த்து, வேலை முடியவில்லையா என்று இன்னும் கேட்கிறார்கள். முடிந்துவிட்டது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பட்டறையில் பணம் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. மச்சானும் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய புஷ்ஷை வீட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். கச்சிராயபாளையம் பக்கம் வருகிறவர்கள், உங்கள் எஞ்சினை மணலுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை வந்து அதைத் தொட்டுப் பாருங்கள். விரலில் மணல் இன்னும் குத்தும்.