கண்ணாடித் தகட்டில் வாழும் ஊர்

நுழையும்முன்

ஒளிப்படம் இன்று நினைவுப்பொருள். நாளை அதுவே வரலாற்றுச் சான்று. ஓர் ஊரிலிருந்து ஓர் இனத்தவர் முழுவதும் அகற்றப்பட்ட பின்னர், அவர்கள் அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று பகர்பவை ஓர் ஒளிப்பட நிலையத்தின் படங்கள். அந்நிலையத்தின் வரலாற்றை அறிவோம்.

நிலையத்தின் தோற்றம்

உதுமானியப் பேரரசில் ஒளிப்படக்கலையை வளர்த்தவர்களுள் ஆர்மீனியர் குறிப்பிடத்தக்கவர். தலைநகர் இஸ்தான்புல்லில் அப்துல்லா சகோதரர்கள் சுல்தானின் ஒளிப்படக் கலைஞர்களாக விளங்கினர். தலைநகருக்கு வெகுதொலைவில், அனத்தோலியாவின் சிவாஸ் நகரில், சோலக் தில்திலியன் என்னும் ஆர்மீனியர் 1888ஆம் ஆண்டு இத்தொழிலைத் தொடங்கினார். பின்னர் மெர்சிபோன் நகரில் குடும்பத்தினருடன் நிலையம் நடத்தினார். அங்கிருந்த அனத்தோலியா கல்லூரியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் இக்குடும்பத்தினர் படமெடுத்தனர்.

அக்காலத்தில் படமெடுத்துக்கொள்வது குடும்ப விழாவைப் போன்றது. சிறந்த உடையணிந்து, தீட்டிய திரைச்சீலைக்குமுன் அனைவரும் அசையாது அமர்வர். வெள்ளிச் சேர்மம் பூசிய கண்ணாடித் தகட்டில் அவர்களின் உருவம் பதியும்.

கலை காத்த உயிர்கள்

முதல் உலகப்போரின்போது, 1915ஆம் ஆண்டில், உதுமானிய அரசு ஆர்மீனியரை அவர்தம் வாழிடங்களிலிருந்து வெளியேற்றியது. ஆடவர் பலர் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் பாலைவனம் நோக்கி விரட்டப்பட்டனர். தில்திலியன் குடும்பமோ ஊரிலேயே தங்கியது. ஒளிப்படக் கலைஞரின் பணி அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். எனினும், அவர்கள் தம் பெயரையும் சமயத்தையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கையில் தொழில் இருந்ததால் உயிர் பிழைத்த அவர்கள், தம்மைமட்டும் காத்துக்கொண்டு அமைதியடையவில்லை. ஆர்மீனிய இளைஞர் பலரை மறைவிடங்களில் ஒளித்துவைத்துக் காத்தனர். வெளிப்பட்டிருந்தால் தம் உயிரையும் இழந்திருப்பர்.

சான்றாக நிற்கும் படங்கள்

போர் முடிந்தபின், பெற்றோரை இழந்த குழந்தைகளை அவர்கள் படமெடுத்தனர். முன்னர்க் குடும்பங்கள் கூடியமர்ந்த ஒளிப்படக்கருவியின் முன், இப்போது குடும்பமற்ற குழந்தைகள் வரிசையாக நின்றனர்.

1922இல் தாயகம் நீங்கிக் கிரேக்க நாட்டிற்குப் புலம்பெயர்ந்தபோது, படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் உடன் கொண்டுசென்றனர். வழித்தோன்றல்கள் பேணிய அப்படங்கள், 2013இல் இஸ்தான்புல்லில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஊரைவிட்டு அகற்றப்பட்டோரின் முகங்கள் அந்நாட்டு மண்ணுக்கு மீண்டும் வந்தன. மனிதரை அகற்றலாம், அவர்கள் வாழ்ந்த உண்மையை அகற்ற இயலாது.

கற்பவை கற்றபின்

உங்கள் இல்லத்திலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றில் இருப்போரின் பெயர், ஊர், காலம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.