முள்முடி சூடிய மன்னர்: தமிழ்க் கிறிஸ்தவ பக்தியில் பலியும் அரசும்

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இரண்டு தேவாலயங்கள் உள்ளன. ஒன்று, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் கட்டி முடிக்கப்பட்டு, 2005-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட ஓபிர் சாலை லூர்து அன்னை ஆலயம். மற்றொன்று ஷார்ட் ஸ்திரீட்டிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. இவற்றில் நடைபெறும் தமிழ் வழிபாட்டைக் கூர்ந்து கேட்போருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். இயேசுவைப் பலியான ஆட்டுக்குட்டி என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே ராஜாதி ராஜா என்கிறார்கள். பலியானவர் தோற்றவர் அல்லரா? தோற்றவர் எவ்வாறு அரசராவார்? தமிழ் மரபின் துணைகொண்டு இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவிலியம் காட்டும் இரு காட்சிகள்

முதற்காட்சி சிலுவைப்பாடுகளில். படைவீரர்கள் இயேசுவுக்குச் செந்நிற அங்கி உடுத்தி, முள்முடி சூட்டி, அரசே என்று ஏளனம் செய்கின்றனர். அவர் யூதரின் அரசர் என்ற அறிவிப்பைப் பிலாத்து எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் எழுதிச் சிலுவையின்மீது வைக்கிறான். பகைவர் கேலியாகச் சொன்னதையே அடியார்கள் உண்மையென ஏற்றனர்.

இரண்டாம் காட்சி திருவெளிப்பாடு நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. வெற்றி பெற்ற சிங்கம் என்ற அறிவிப்பு யோவானின் காதில் விழுகிறது. ஆனால் அவர் கண்ணில் படுவதோ, அரியணை அருகே கொல்லப்பட்ட தோற்றத்துடன் நிற்கும் ஆட்டுக்குட்டி. ஆக, பலி முடிந்த பின் அரசு தொடங்கவில்லை. பலியே அந்த அரசின் அடையாளம்.

தமிழ்ச் சொற்களில் அரசு

தமிழில் இறைவன் என்ற சொல் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும். திருக்குறளின் 39-ஆம் அதிகாரமான இறைமாட்சி அரசனின் சிறப்பையே பேசுகிறது. கோயில் என்பது அரண்மனைக்கும் பெயர். ஆண்டவர் என்ற சொல்லோ ஆளுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. இறைவன் தம்மை ஆட்கொண்டதை மாணிக்கவாசகர் உருகிப் பாடியதும் இந்த மரபில்தான். தமிழ்க் கிறிஸ்தவர் ஆண்டவரே என்று அழைக்கும்போது இம்மரபு முழுவதும் அவ்வழைப்பில் உடன் வருகிறது.

வாகையும் அவிப்பலியும்

பலியைப் பற்றியும் தமிழுக்குத் தனிப் பார்வை உண்டு. வீரன் தன் உயிரைத் தானே வழங்கும் அவிப்பலியைத் தொல்காப்பியர் வாகைத் திணையில் வைத்தார். வாகை என்பது வெற்றி. எனவே, தானாக விரும்பித் தரும் உயிர் தோல்வியின் கணக்கில் சேராது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புறத்திணை மரபில் பெரும்பாலும் அரசனுக்காக வீரன் உயிர் கொடுக்கிறான். கிறிஸ்தவ பக்தியிலோ குடிகளுக்காக அரசரே உயிர் கொடுக்கிறார். புறநானூற்றில் இதற்கு ஓரளவு நெருங்கி வருபவன் குமணன். நாட்டை இழந்து காட்டில் இருந்த அவன், தன் தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்த நிலையில், புலவர் பெருந்தலைச் சாத்தனாரின் வறுமை தீரத் தன் வாளையே கொடுத்தான்.

கிருஷ்ணப் பிள்ளை கண்ட கட்டு

வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை, ஜான் பனியனின் நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். அது 1894-இல் வெளிவந்தது. இயேசு கயிற்றால் கட்டுண்டு நிற்கும் இடத்தில் அவர் தரும் விளக்கம் நம் ஐயத்தைத் தீர்க்கிறது. அக்கயிற்றை அறுக்க இயலாமல் அவர் நிற்கவில்லை. மக்கள்மீது கொண்ட அன்பு என்னும் கட்டை அவிழ்க்க இயலாமல் நின்றார் என்பது அப்பாடலின் கருத்து. வலிமை உள்ளவர் அன்பினால் அடங்கி நிற்பதால், பலியும் அரசும் அங்கே ஒன்றாகின்றன.

இன்றைய பொருள்

இவ்விரண்டையும் பிரித்தால் என்ன ஆகும்? பலியை விட்டு அரசை மட்டும் போற்றினால் பக்தி அதிகார வழிபாடாகிவிடும். அரசை விட்டுப் பலியை மட்டும் நினைத்தால் அது வெறும் இரக்கமாகச் சுருங்கிவிடும். முதல் உலகப் போருக்குப் பின், 1925-இல், திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தினார். இன்று மூன்றாண்டுச் சுழற்சியில் ஓராண்டு, அவ்விழாவில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி சிலுவைக் காட்சியே. அரியணை எங்கே என்று தேடுவோருக்குத் திருச்சபை சிலுவையைக் காட்டுகிறது.

வாரம் முழுவதும் பிறர் ஆணைக்குக் கட்டுப்பட்டு உழைத்துவிட்டு, ஞாயிறன்று லிட்டில் இந்தியாவுக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். அவர்களுள் இயேசுவை வணங்குபவருக்கு, காயம் பட்ட அரசர் என்பது வெறும் இறையியல் கருத்து அன்று. தம் வலியை அறிந்த ஒருவரே தம்மை ஆள்கிறார் என்னும் ஆறுதல் அது.

பட்டம் பெற்று நாளை பொறுப்புகளில் அமரப்போகும் நமக்கும், சமயம் எதுவாயினும், இதில் ஓர் அளவுகோல் உண்டு. ஆள்பவர் தமக்காகப் பிறரைப் பலி கேட்கிறாரா, பிறருக்காகத் தம்மையே தருகிறாரா என்பதே அது.