கிரகணம் பார்க்கக் கடல் கடக்கலாமா?

கேள்வி: வட்டகொடையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் அண்ணா ஜித்தாவில் சாரதி வேலை. 2027 ஓகஸ்ட் 2ஆம் திகதி அங்கே முழுச் சூரிய கிரகணமாம். "வந்து பார்த்துட்டுப் போ, தங்குறதுக்கு நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது. ஆனால் ஆறு நிமிடக் கூத்துக்கு விமான டிக்கெட்டா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்கும் சந்தேகம்தான். 2019 டிசம்பர் கிரகணத்தை இங்கிருந்தே பார்த்தேன். சூரியனில் பெரும்பகுதி மறைந்ததாகச் சொன்னார்கள். வெயில் கொஞ்சம் மங்கியதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 2031இல் யாழ்ப்பாணத்திலேயே ஒன்று வருகிறதாமே, அது போதாதா? அம்மாச்சி வேறு, கிரகண நேரத்தில் வாசலைத் தாண்டவே கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, வட்டகொடை

பதில்: 2019இல் உங்களுக்கு ஏமாற்றமாக இருந்ததில் வியப்பே இல்லை. அன்று டிசம்பர் 26, வளையக் கிரகணம். வளையம் தெரிந்த பாதை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, திருகோணமலை வழியாகப் போனது. மலைநாட்டுக்குக் கிடைத்தது கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு சூரியன் மட்டும். கண்ணாடி போட்டு நிமிர்ந்து பார்த்தவருக்குத்தான் அதுவும் தெரியும். குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்கு மேகம் போட்டிருக்கிறது என்று தோன்றியிருக்கும், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பௌர்ணமி நிலவைவிடச் சூரியன் ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு பிரகாசமானது. ஆகவே நூற்றில் 99 பங்கு மறைந்தாலும், மிஞ்சுகிற ஒரு பங்கு 4,000 பௌர்ணமிகளின் வெளிச்சத்தைத் தரும். வெளிச்சம் மெதுவாகக் குறையக் குறைய நம் கண்ணும் சத்தமில்லாமல் ஈடுகொடுத்துவிடும். 90, 95 என்று பத்திரிகையில் போடும் வீதக் கணக்கு இங்கேதான் ஆட்களை ஏமாற்றுகிறது. நீங்கள் ஆசிரியை என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன்: இந்தப் பரீட்சையில் 99 எடுத்தாலும் பெயில்தான்.

அந்தக் கடைசி ஒரு வீதமும் மறைகிற கணத்தில் நடப்பது வேறு விஷயம். மேற்கிலிருந்து நிழல் ஓடி வருவது தெரியும். சந்திரனின் ஓரத்தில் ஒரேயொரு பொட்டு வெளிச்சம் வைர மோதிரம் போல மின்னி அணையும். பிறகு, சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம்; அதைச் சுற்றி வெள்ளை நூல்கள் பிரிந்து நிற்பது போல, கொரோனா என்கிற ஒளிமகுடம். அது எப்போதும் அங்கேயே இருப்பதுதான். மற்ற நாளில் சூரியனின் பிரகாசம் அதை விழுங்கிவிடுகிறது. பட்டப்பகலில் வெள்ளி தெரியும், காற்று சட்டென்று குளிரும், அடிவானம் முழுக்க, நாலு திசையிலும், அந்திச் சிவப்பு. பறவைகள் கூட்டுக்குத் திரும்பும். இதில் பெரும்பாலானது பகுதிக் கிரகணத்தில் கொஞ்சமாகக்கூடக் கிடைக்காது. ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தால், சராசரியாக 375 வருடத்துக்கு ஒருமுறைதான் முழுக் கிரகணம் அந்த இடத்துக்கு வரும். அதனால்தான் ஆட்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

அப்படிப் போனவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரெஞ்சுக்காரர் பியர் ஜான்சன். 1868 ஓகஸ்ட் 18 கிரகணத்துக்கு ஆந்திராவின் குண்டூருக்கு வந்தார். சூரிய விளிம்பிலிருந்து எழும் தீச்சுவாலைகளை நிறமாலைமானியில் பார்த்தார். அவற்றின் நிறமாலைக் கோடுகள் இவ்வளவு பிரகாசமாக இருந்தால் கிரகணம் இல்லாமலே பார்க்கலாமே என்று யோசித்து, அடுத்த நாளே பார்த்தும் காட்டினார். அந்த வருடக் கிரகண ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியாகத்தான் ஹீலியம் என்ற தனிமம் சூரியனில் முதன்முதல் அறியப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1870 டிசம்பரில், அல்ஜீரியாவில் கிரகணம். அப்போது பாரிஸ் நகரை ஜெர்மன் படை வளைத்து நிற்கிறது. வெளியே போக வழியில்லை. மனிதர் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு பலூனில் எழும்பி, எதிரிப் படையின் தலைக்கு மேலாகப் பறந்து தப்பினார். அல்ஜீரியாவுக்கும் போய்ச் சேர்ந்தார். அன்று மேகம். ஒன்றுமே தெரியவில்லை.

ஆள் விடவில்லை. 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு மறுபடி இந்தியா வந்து, நீலகிரியில் சோலூர் என்ற ஊரில் கருவிகளை நிறுத்தினார். வானம் கண்ணாடி போலிருந்தது. ஒளிமகுடம் சந்திரனைச் சேர்ந்ததும் அல்ல, நம் காற்றின் மாயையும் அல்ல, சூரியனுடையதே என்பதற்கு வலுவான சான்று அன்று அவருக்குக் கிடைத்தது. அதே கிரகணத்துக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய கூட்டத்தில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலும் இன்னொரு பகுதி திருகோணமலையிலும் முகாம் போட்டது. நம் மலைகளில் அப்போது கோப்பிதான். வடக்கே வெள்ளைக்காரர் சில நிமிட இருட்டுக்காகத் தொலைநோக்கி நிறுத்திய அந்தக் காலத்தில்தான், நம் முன்னோர் மன்னார்ப் பக்கம் கரையேறி மாத்தளை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது அன்று காட்டுவழியில் அண்ணாந்து பார்த்திருப்பார்களா என்று நான் நினைப்பதுண்டு.

மேகம் என்ற ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கைக்கே அதில் அனுபவம் உண்டு. 1955 ஜூன் 20 முழுக் கிரகணம் 20ஆம் நூற்றாண்டிலேயே நீளமானது. அதிகபட்சம் 7 நிமிடம் 8 வினாடி. பாதை பொலன்னறுவைப் பக்கம் போனது. ஹிங்குராக்கொடையில் கொடைக்கானல் வானாய்வகத்தார் உட்படப் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடாரமடித்துக் காத்திருந்தார்கள். மேகம் வந்து பெரும்பாலோரின் உழைப்பைக் கெடுத்தது. 2009 ஜூலை 22இல் பீகாரின் தாரேக்னா கிராமத்திலும் இதே கதை: மழைக்காலம், பெரும் கூட்டம், மேலே கறுப்பு மேகம். இரண்டுமே பருவமழை மாதங்கள் என்பதைக் கவனியுங்கள். ஆகவே கிரகணத்துக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த மாதத்தில் அந்த ஊர் வானம் எப்படி இருக்கும் என்பதை. எத்தனை நிமிடம் என்பது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்கு ஜித்தாவிடம் நல்ல பதில் இருக்கிறது. ஓகஸ்டில் செங்கடல் கரையில் மழை கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும், மேகம் அரிது. 2027 பாதை அத்திலாந்திக் சமுத்திரத்தில் தொடங்கி, ஸ்பெயினின் தென்முனை, மொரோக்கோ, எகிப்தின் லக்சர், ஜித்தா, மக்கா, யேமன் என்று இறங்கி இந்து சமுத்திரத்தில் முடிகிறது. லக்சர் பக்கம் 6 நிமிடம் 23 வினாடி வரை. ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிடம், பகல் ஒரு மணிக்கு மேல். முழுக் கிரகணங்கள் பல இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும். ஆறு என்பது பெரிய கொடுப்பினை. அதே நாள் மாலை வட்டகொடையிலும் பகுதியாகத் தெரிய வேண்டும்தான். ஆனால் ஓகஸ்ட் மாதத்து மாலையில் வட்டகொடை ஸ்டேசனில் நின்றால் எதிரே வரும் கோச்சியே மூடுபனியில் தெரியாது. சூரியனை எங்கே தேடுவீர்கள்?

ஆகவே என் வாக்கு: போங்கள். வீட்டார் சிரிக்கட்டும். காசு கையில் இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, வானம் உங்கள் பக்கம், அண்ணாவையும் பார்த்த மாதிரி ஆகும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் யோசித்திருப்பேன். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ போவதாக எழுதியிருந்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். விசா விவகாரத்தை மட்டும் இப்போதே அண்ணாவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டுக்கு முன்னால் அதுதான். அது சரிவராவிட்டாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அண்ணா செலவில்லாமலே பாதைக்குள் நிற்கிறார். அன்று திங்கட்கிழமை, வேலைநாள். அந்த மாதங்களில் சவூதியில் பகல் 12 முதல் 3 வரை வெட்டவெளியில் வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. கட்டட வேலைக்காரருக்கு அது உதவும், சாரதிக்கு உதவாது. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி அரை மணி நேரம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே அது நடக்கும்போது அவர் ஒரு கட்டடத்தின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் முதலாளிக்காகக் காத்திருந்தால், அதைவிட அநியாயம் வேறில்லை.

இனி 2031 மே 21, புதன்கிழமை. கொச்சி, தேனி, மதுரைப் பக்கமாக வந்து யாழ்ப்பாணத்தைக் கடக்கும் வளையக் கிரகணம். பாதையின் அகலம் சுமார் 150 கிலோமீட்டர், மையக் கோட்டருகே வளையம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். இது ஜித்தாவுக்கு மாற்று ஆகாது. சந்திரன் சற்றுத் தொலைவில், சற்றுச் சிறிதாக இருப்பதால் சுற்றி ஒரு வளையம் மிஞ்சும். ஒளிமகுடம் தெரியாது, இருட்டாது, கண்ணாடியை ஒரு வினாடிகூடக் கழற்ற முடியாது. ஆனால் கோச்சிச் செலவோடு போய்ப் பார்க்கத் தகுந்த காட்சி. 2010 ஜனவரி 15இல், போர் முடிந்து எட்டு மாதத்தில், இதே யாழ்ப்பாணத்துக்கு மேலே சுமார் பத்து நிமிடம் வளையம் நின்றது. அப்போது மலையகத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போவது லேசான காரியமா? இப்போது முடியும். வட்டகொடையில் ஏறினால் பொல்காவலையில் இறங்கி வடக்குக் கோச்சிக்கு மாறலாம். மே கடைசியில் நம் பக்கம் தென்மேற்கு மழை தொடங்கும். யாழ்ப்பாணம் அந்த நேரத்தில் காய்ந்து கிடக்கும். நடுப்பகல் தாண்டியும் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் கழுத்து வலிக்கும், பாய் கொண்டுபோய்ப் படுத்தபடி பார்க்கச் சொல்லுங்கள். ஜித்தாவுக்கு நீங்கள் போங்கள், யாழ்ப்பாணத்துக்கு உங்கள் வகுப்பைக் கூட்டிப்போங்கள். பெற்றோருக்கு ஒருநாள் பேர், அதாவது நாட்கூலி, போகும் என்பதால் துணைக்கு அதிகம் பேர் வரமாட்டார்கள். இரண்டு ஆசிரியராவது கூட வேண்டும்.

அம்மாச்சியோடு சண்டை வேண்டாம். சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும், அந்த நேரம் வலிகூடத் தெரியாது. ஆகவே அவர் பயத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி, வெளியே நின்றாலே தீட்டு, சோறு கெடும், கர்ப்பிணிக்கு ஆகாது என்பதெல்லாம், ஆதாரமில்லாதது. கிரகணத்தைச் சுற்றி வரும் கதைகள் சிலவேளை கிரகணத்தைவிட ஆபத்தானவை. 1955இல், கிரகண நேரத்தில் வசம்பு சேர்த்த மருந்தைக் குடித்தால் நிறம் வெளுத்து அழகு கூடும் என்று நாடெங்கும் ஒரு வதந்தி பரவி, அதை நம்பிக் குடித்த பெண்கள் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

கண்ணாடி ஐஎஸ்ஓ 12312-2 தரக்குறி உள்ளதாக இருக்கட்டும். கீறலோ ஓட்டையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் இலக்கம். எக்ஸ்ரே பிலிம், சீடி, கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். முழுக் கிரகணத்தில் சூரியன் அடியோடு மறைந்திருக்கும் அந்த ஆறு நிமிடம் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். விளிம்பில் முதல் பொட்டு வெளிச்சம் எட்டிப்பார்த்ததும் கண்ணாடி திரும்பவும் ஏற வேண்டும். கண்ணாடி போதாத பிள்ளைகளுக்கு ஒரு பழைய கொழுந்துக் கூடை போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கூடையைத் தூக்கிப் பிடித்தால், பின்னலின் ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் ஒரு குட்டிச் சூரியன் தரையில் விழும். 2027 மாலை வட்டகொடையில் மூடுபனி விலகினால் அவை பிறைகளாக இருக்கும், 2031இல் யாழ்ப்பாணத்தில் வளையங்களாக இருக்கும். அம்மாச்சிக்கும் வாசல்படியில் இருந்தபடியே காட்டலாம், அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.